ஏ.சி.எல். கிழிந்த காலோடு ஆறு மாதத்தில் மைதானத்தில் இறங்கலாமா?

கேள்வி இதுதான்: தம்பிக்கு 19 வயது, யாழ்ப்பாணத்தில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடுகிறார். ஓடிவந்து வலக்காலை ஊன்றித் திரும்பியபோது முழங்காலுக்குள் ‘டக்’ என்று கேட்டது, அன்றிரவே வீங்கிவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். (முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் நார், அதாவது இணையம்) முழுக் கிழிவு, உட்பக்க மெனிஸ்கஸிலும் (மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் பிறைவடிவத் தட்டு) ஒரு கிழிவு. மூன்று கிழமை ஆகிறது. சத்திரசிகிச்சை கட்டாயமா, எண்ணெய் கட்டிப் பார்க்கலாமா, ஆறு மாதத்தில் ஆடலாமா, முழங்காலைத் தாங்கும் பிறேஸ் போட்டால் போதாதா?

ஆறு மாதம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆடக் கூடாது. சத்திரசிகிச்சை செய்தால், செய்த நாளிலிருந்து குறைந்தது ஒன்பது மாதம். அதுவும் கால் பரீட்சையில் தேறினால்தான். நோர்வேயிலும் அமெரிக்காவிலும் வீரர்களைப் பின்தொடர்ந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஒன்பது மாதம் வரைக்கும் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 25 வயதுக்குக் கீழ்ப்பட்டு, திரும்பவும் ஆடப்போகிறவர்களில் ஏறக்குறைய நாலிலொருவருக்கு அதே காலிலோ மற்றக் காலிலோ இரண்டாவது முறை கிழிகிறது. உங்கள் தம்பி அந்த வயதுக்குள்தான் நிற்கிறார். ஆகவே எந்த மாதம் என்று கேட்பதை விட்டு, எந்த நிலையில் கால் இருந்தால் என்று கேட்பதுதான் பலன் தரும். கீழே சொல்வது முழுக்க அதைப் பற்றித்தான்.

சத்திரசிகிச்சை எல்லோருக்கும் கட்டாயம் இல்லை. சுவீடனில் 121 இளையோரை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியினருக்கு உடனே சத்திரசிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சியை மட்டும் கொடுத்து, தேவைப்பட்டால் பிறகு செய்யலாம் என்று விட்டார்கள். ஐந்து வருடத்தில் இரண்டாவது கூட்டத்திலும் பாதிப்பேர் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள், மற்றப் பாதிக்குத் தேவைப்படவில்லை. இரண்டு கூட்டத்துக்கும் முழங்காலின் நிலையில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. கந்தோர் வேலை, சைக்கிள், நீச்சல் என்று இருப்பவருக்குப் பயிற்சியே போதுமானதாக இருக்கலாம். உதைபந்தாட்டம், வலைப்பந்தாட்டம், கபடி, கிளித்தட்டு எல்லாம் வேறு கதை. பாய்ந்து, நின்று, சட்டென்று திரும்புகிற ஆட்டங்களில் ஏ.சி.எல். இல்லாத முழங்கால் ‘விட்டுக்கொடுக்கும்’. ஒவ்வொரு முறை விட்டுக்கொடுக்கும்போதும் மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக அரைபடும். முப்பது வயதில் முழங்கால் தேய்மானம் என்று வந்து நிற்பவர்களில் பலர் இப்படிக் காலைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று சீசன் ஆடியவர்கள்தான்.

தம்பிக்கு மெனிஸ்கஸும் கிழிந்திருப்பதால் கிளினிக்கில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: இது தைக்கக்கூடிய கிழிவா? தைக்கக்கூடியது என்றால் மாதக்கணக்கில் இழுத்தடிக்க வேண்டாம். முழங்கால் ஒரு கோணத்தில் இறுகி, நீட்டவே முடியாமல் நிற்கிறதென்றால் கிழிந்த துண்டு இடையில் செருகியிருக்கக்கூடும். அப்படியிருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் உடனே காட்டுங்கள். இவை இல்லையென்றால் அவசரம் கிடையாது.

முறிவு நெரிவு வைத்தியம் பற்றி. எண்ணெய் பூசுவதால் பெரும்பாலும் தோலுக்குக் கேடு வந்துவிடாது, நோவும் கொஞ்சம் இளகும். ஆனால் ஏ.சி.எல். மூட்டின் நட்டநடுவில், ஆழத்தில் இருக்கிறது. வெளியே பூசுகிற எதுவும் அங்கே எட்டாது. சிலருக்குக் கிழிந்த முனைகள் தாமாக ஒட்டியிருப்பதை எம்.ஆர்.ஐ.யில் கண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. யாருக்கு ஒட்டும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடியால் அதை நம்பி இருக்க முடியாது. எனக்குப் பயம் எண்ணெயில் இல்லை, கட்டில்தான். மட்டையோ மூங்கிலோ வைத்து மூன்று நான்கு கிழமை இறுக்கிக் கட்டினால் முன்தொடைத் தசை கண்முன்னே வற்றிவிடும், மூட்டும் இறுகும். பிறகு அதை மீட்பதற்கே இரண்டு மாதம் போய்விடும். வீங்கி நோகிற கெண்டைக்காலை உருவிவிடுவதும் ஆபத்து. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

இப்போது, சத்திரசிகிச்சைக்கு முன்னால் இருக்கும் கிழமைகள். இவற்றைச் சும்மா காத்திருந்து கழிப்பதுதான் மிகப் பெரிய விரயம். வீங்கி, நீட்ட முடியாத முழங்காலோடு போனால் சத்திரசிகிச்சைக்குப் பிறகும் நீட்ட முடியாமலே நிற்கும் வாய்ப்புக் கூட. முழு நீட்டம் வந்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்காற்சில்லு விளிம்புக்குச் சற்று வெளியே வருமாறு இரண்டு கால்களையும் தொங்கவிடச் சொல்லுங்கள். பின்னால் நின்று இரண்டு குதிக்கால்களின் உயரத்தையும் பாருங்கள். காயப்பட்ட காலின் குதி மற்றதைவிட மேலே நின்றால் நீட்டம் குறைவு. ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ ஒரு பாகைக்குச் சமம். வீக்கம் வடிந்து, இரண்டு குதியும் சமமாகி, காலை நேராக நீட்டியபடி முழங்கால் மடியாமல் தூக்க முடிந்தால் சத்திரசிகிச்சைக்குத் தயார். இதற்குள் இன்னொரு வேலையும் செய்து வையுங்கள்: நல்ல காலின் பலத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். ஒற்றைக்காலால் கதிரையிலிருந்து எத்தனை தரம் எழும்பினார், ஜிம்மில் கால் நீட்டும் இயந்திரத்தில் எத்தனை கிலோவைப் பத்துத் தரம் தூக்கினார் என்று. பின்னர் ஒப்பிட இந்த எண்தான் உதவும். ஒன்பது மாதத்தில் நல்ல காலும் மெலிந்துவிடுவதால், அப்போது இரண்டு காலையும் ஒப்பிட்டால் பொய்யான திருப்திதான் கிடைக்கும்.

சத்திரசிகிச்சையில் கிழிந்ததற்குப் பதிலாக வைக்கும் புது இணையத்துக்கு உடலில் எங்கிருந்து நார் எடுப்பது என்பதைச் சத்திரசிகிச்சை நிபுணர் தீர்மானிப்பார். ஆனாலும் விளைவைத் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. பின்தொடை நாண் எடுத்தால் முன்பக்க நோவு குறைவு, ஆனால் வேகமாக ஓடும்போது தேவைப்படுகிற பின்தொடைப் பலம் கொஞ்சம் குறையும். முழங்காற்சில்லுக்குக் கீழிருக்கும் நாணை எலும்புத் துண்டோடு எடுத்தால் பிடிமானம் உறுதி, ஆனால் முழந்தாளிட்டால் நெடுநாளைக்கு நோகும். தேவாலயத்தில் முழந்தாளிடுகிறவர், கோவிலில் விழுந்து கும்பிடுகிறவர், நிலத்தில் இருந்து வேலை செய்கிறவர் இதை வாய்திறந்து சொல்லவேண்டும். கேட்காமல் யாருக்கும் தெரியாது. அந்த நாரைப் பிடித்துவைக்கும் திருகு, பட்டன் போன்றவை வெளியில் வாங்க வேண்டிவருமா என்பதையும் திகதி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சத்திரசிகிச்சை முடிந்த முதல் இரண்டு கிழமை. வீட்டில் எல்லோரும் அன்பாகச் செய்கிற பிழை, முழங்காலுக்குக் கீழே தலகாணி வைப்பது. இதமாக இருக்கும், ஆனால் மூட்டு மடிந்தபடியே இறுகிப்போகும். துவாயைச் சுருட்டிக் குதிக்குக் கீழே வையுங்கள், முழங்கால் காற்றில் தொங்கட்டும். ஒரு தடவைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. முன்தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்தி ஐந்து செக்கன் பிடிப்பது பத்துத் தரம், விழித்திருக்கும் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும். மடக்குவதற்குச் சாரத்தைப் பாதத்தில் கொளுவிக் குதியை மெல்ல இழுக்கலாம். இரண்டாம் கிழமை முடிவில் 90 பாகை, ஆறாம் கிழமையில் 120 வந்தால் நல்ல போக்கு. மெனிஸ்கஸ் தைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். எத்தனை பாகை வரை மடக்கலாம், எத்தனை கிழமைக்கு ஊன்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாம் கிழமையிலும் முழுதாக நீட்ட முடியவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். மூட்டின் முன்பக்கத்தில் வடுத் திசு உருண்டு அடைத்துக்கொள்வதுண்டு.

வீட்டுக்கு மோட்டார் சைக்கிளின் பின்னால் இருத்திக் கொண்டுபோக வேண்டாம். ஓட்டோவில் பின்சீற்றின் குறுக்கே காலை நீட்டி இருக்கட்டும். குந்தி இருக்கும் மலசலகூடம்தான் உள்ளதென்றால் கொமட் கதிரை ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கிணற்றடியில் பாசி பிடித்த இடத்தை உரஞ்சிக் கழுவிவிடுங்கள். ஊன்றுகோல் வழுக்குகிற முதல் இடம் அதுதான். சம்மணம் கட்டுவதும் குந்துவதும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

காய்ச்சல் வந்தாலோ, தையல் சிவந்து சீழோ நீரோ வடிந்தாலோ, கெண்டைக்கால் கடுமையாக நொந்து வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அன்றே வைத்தியசாலைக்கு. மாரிகாலத்தில் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: காய்ச்சல் டெங்காகவும் இருக்கலாம். முழங்கால் நோவுக்குத் தந்த டைக்குளோபெனக், இபுபுரூபன் போன்றவற்றை நிறுத்தி, இரத்தம் சோதித்த பிறகு வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். டெங்கில் இந்த மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டும்.

முழங்கால் 110 பாகை அளவுக்கு மடிந்ததும் சைக்கிள் மிதிக்கலாம். ஜிம் சைக்கிள் தேவையில்லை. நம்மூர்ப் பழைய சைக்கிளை டபிள் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சில்லு நிலத்தில் படாமல் சுழலும். ஒருவர் முன்னால் ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ளட்டும். மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்குமளவுக்குச் சீற்றை உயர்த்துங்கள்; பதிந்த சீற்றில் முழங்காற்சில்லுக்குப் பின்னால் நோ பிடிக்கும். பத்து நிமிடத்தில் தொடங்கி இருபதுக்குப் போகலாம். பின் பிரேக்கை இலேசாகப் பிடித்தால் பாரமும் வந்துவிடும். தெருவில் சைக்கிள் ஓடுவது வேறு விடயம். சமநிலை தவறி அந்தக் காலையே ஊன்றி இறங்க வேண்டி வரும் என்பதால் குறைந்தது மூன்று மாதம் போகட்டும்.

பின்தொடை நாண் எடுத்திருந்தால் முதல் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குக் குதியைப் பாரத்தோடு பின்னால் இழுக்கக் கூடாது. ஒரு காலின் நுனியால் மற்றக் காலின் சப்பாத்துக் குதியை மிதித்துக் கழற்றுகிறோமே, அந்தச் சின்ன இழுப்பிலேயே பின்தொடையில் ‘சுரீர்’ என்று பிடித்துக்கொள்வதுண்டு.

பாரம் கூடிவிட்டதா என்று காலே சொல்லும். காலையில் எழுந்ததும், காலை நீட்டி, முழங்காற்சில்லின் உட்பக்கக் குழியிலிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் இரண்டு மூன்று தரம் மேலே தடவுங்கள். பிறகு வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு தடவை. உட்பக்கக் குழியில் நீர் அலைபோலத் திரும்பி வந்தால் மூட்டுக்குள் நீர் நிற்கிறது. நேற்று வராதது இன்று வந்தால், நேற்றுச் செய்ததில் பாதியை மட்டும் இன்று செய்யுங்கள். நோவைவிட இந்த நீரைத்தான் நான் நம்புவேன்.

மூன்றாம் மாதத்துப் பொறி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். பத்தாம், பன்னிரண்டாம் கிழமையில் நோ இராது, வீக்கம் இராது, நடை சரியாகிவிடும். தம்பி ஒழுங்கையில் பந்தைத் தட்டத் தொடங்குவார், நண்பர்களும் ‘கோலுக்குள்ள மட்டும் நில்லடா’ என்பார்கள். உள்ளே நடப்பது நேர்மாறு. எடுத்து வைத்த நார் முதலில் இரத்தவோட்டமின்றிச் செத்து, பிறகு புது இரத்தக்குழாய்கள் புகுந்து, கொஞ்சம் கொஞ்சமாக இணையமாக மாறுகிறது. ஏறக்குறைய ஆறாம் கிழமைக்கும் பன்னிரண்டாம் கிழமைக்கும் இடையில்தான் அது மிக மென்மையாக இருக்கிறது. வைத்த அன்று இருந்த பலம்கூட அப்போது இராது. கால் நன்றாக இருப்பதாகத் தோன்றுகிற நேரமும் நார் பலவீனமாக இருக்கிற நேரமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் இந்தக் காயத்தின் கெட்ட குணம். நல்லூர்த் திருவிழா இந்தக் காலத்தில் வந்தால் கும்பிட்டுவிட்டு வரலாம். வெறுங்காலோடு மணலில் சன நெரிசலுக்குள் தேர் வடம் பிடிக்கவோ அங்கப்பிரதட்சணம் செய்யவோ இந்த வருடம் வேண்டாம்.

இனி மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஒரே வேலைதான்: தொடையைப் பலப்படுத்துவது. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். கிளினிக்கில் காட்டிய காலைத் தூக்கும் பயிற்சியையே ஆறு மாதமும் நாளுக்கு நூறு தரம் செய்கிறார்கள். அது முதல் மாதத்துப் பயிற்சி. பலம் வளர, ஆறு முதல் எட்டுத் தரத்தில் களைத்துப்போகும் அளவுக்குப் பாரம் வேண்டும். மூன்று நான்கு சுற்று, கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஒற்றைக்காலால் படியேறுதல், ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக வைத்து இறங்கி எழும்புதல், ஒற்றைக்காலில் இடுப்புத் தூக்கல், குதி தூக்கல் எல்லாம் வேண்டும். ஜிம் இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பையில் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களை நிரப்புங்கள். ஒன்று ஒன்றரைக் கிலோ. ஆறு போட்டால் ஒன்பது. கால் நீட்டும் இயந்திரம் நாரைக் கிழித்துவிடும் என்ற பழைய பயம் இன்னும் நிலவுகிறது. நாலாம் கிழமையிலிருந்து 90க்கும் 45 பாகைக்கும் இடையில் மட்டும் குறைந்த பாரத்தோடு தொடங்கி, பிசியோவின் மேற்பார்வையில் படிப்படியாக விரித்தால் முன்தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. குந்தி எழும்புவதை மட்டும் செய்தால் நாரியும் மற்றக் காலும் பாரத்தைத் திருடிக்கொள்ளும்.

சாப்பாட்டில் புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் அளவில். 65 கிலோ என்றால் ஏறத்தாழ 100 கிராம். இருநூறு கிராம் மீனில் 40, இரண்டு முட்டையில் 12. மிச்சத்தைப் பருப்பு, அவித்த பயறு, கடலை, தயிர் கொண்டு நிரப்பலாம். வெள்ளி விரதமும் கந்தசஷ்டியும் பிடிக்கிற வீடுகளில் அந்த நாட்களில் இது பாதியாக விழுந்துவிடும், பயறையும் தயிரையும் கூட்டுங்கள்.

ஓட்டம் நாலாம் மாதமளவில். அதற்கு முன் முழு நீட்டம், மூட்டில் நீரில்லாமை, ஒற்றைக்காலால் கதிரையிலிருந்து இருபது தரத்துக்கு மேல் எழும்பும் பலம் மூன்றும் வேண்டும். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டுத் தரம், ஒருநாள் விட்டு ஒருநாள். சமதரையான புல் நிலத்தில் ஓடட்டும். கசூரினாக் கடற்கரையின் இளக்கமான மணல் மெத்தென்று இருப்பதால் நல்லது என்று நினைப்பார்கள். கால் புதைந்து திருகுவதால் தொடக்கத்துக்கு அது தோதில்லை. தையல் காயம் முழுதாக ஆறியபின் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நடப்பது நல்லது.

பாய்ச்சல் ஐந்தாம் மாதமளவில், முதலில் இரு காலால். 20 சென்ரிமீற்றர் படியிலிருந்து இறங்கிக் குதித்து நிற்கட்டும், நீங்கள் முன்னால் நின்று தொலைபேசியில் பிடியுங்கள். முழங்கால் உட்பக்கமாகச் சாய்கிறதா, சத்தம் ‘தொம்’ என்று கேட்கிறதா, நல்ல காலிலேயே பாரம் போகிறதா? இவை திருந்திய பிறகுதான் ஒற்றைக்காலில். திரும்பி ஓடுவது ஆறாம் மாதத்தில்: 45 பாகை அரை வேகத்தில், பிறகு 90, பிறகு நின்று முழுதாகத் திரும்புவது. முன்கூட்டியே தெரிந்த திசையில் செய்து பழகியபின், நீங்கள் கைகாட்டுகிற பக்கம் திரும்பச் சொல்லுங்கள். காயம் வருவது யோசிக்க நேரமில்லாத அந்த இடத்தில்தான். வலது கால் காயப்பட்டவர் ‘நான் இடக்காலால்தானே அடிக்கிறேன்’ என்று சமாளிப்பார். அடிக்கும்போது முழு உடலும் திருகுவது ஊன்றிய காலின் மேல்தான்.

ஒன்பதாம் மாதத்தில் பரீட்சை. முற்றத்தில் அளவுநாடா விரித்து, ஒற்றைக்காலால் ஒரு பாய்ச்சல், தொடர்ந்து மூன்று பாய்ச்சல், கோட்டைக் குறுக்கே தாண்டித்தாண்டி மூன்று, ஆறு மீற்றர் தூரத்தைக் குதித்துக் கடக்கும் நேரம். விழுந்த இடத்தில் இரண்டு செக்கன் அசையாமல் நின்றால்தான் கணக்கு. நல்ல கால் 160 சென்ரிமீற்றர் பாய்ந்தால் காயப்பட்டது 144 பாயவேண்டும், அதாவது 90 வீதம். ஆனால் பாய்ச்சல் தூரம் ஏமாற்றும். நாரியும் கணுக்காலும் முழங்காலின் குறையை மறைத்துவிடும். ஆகவே முன்தொடைப் பலமும் அதே 90 வீதம், சத்திரசிகிச்சைக்கு முன் எழுதிவைத்த எண்ணோடு ஒப்பிட்டு. நல்ல கால் 30 கிலோவைப் பத்துத் தரம் நீட்டியிருந்தால் இது 27. ஒருமுறை களைத்தபின்னும் செய்து பாருங்கள், எண்பதாவது நிமிடத்தில் இருக்கும் கால் அதுதான். பயம் இன்னும் இருக்கிறதென்றால் அதையும் தோல்வியாகவே எடுங்கள். தயங்கித் தயங்கி ஆடுகிறவர் பிழையாகத்தான் ஊன்றுவார்.

தேறினால் உடனே போட்டி இல்லை. சில கிழமை மோதலில்லாத பயிற்சி, சில கிழமை முழுப் பயிற்சி, பிறகு இருபது நிமிடம், பிறகு அரைவாசி ஆட்டம். பயிற்றுநரிடம் நீங்களே போய்க் கதையுங்கள். வீரரிடம் கேட்டால் எப்போதும் ‘ஓம், சரி’ என்றுதான் வரும். ஃபிஃபாவின் 11+ என்ற சூடேற்றும் பயிற்சியை முழு அணியும் கிழமைக்கு இரண்டு தடவையாவது செய்வது நல்லது: எட்டு நிமிட ஓட்டம், பத்து நிமிடம் பலமும் சமநிலையும் பாய்ச்சலும், இரண்டு நிமிட வேக ஓட்டம். விசேட கருவி எதுவும் தேவையில்லை. சப்பாத்தில் கவனம் வேண்டும். கோடையில் நம்மூர் மைதானங்கள் கல்லாய்க் காய்ந்துகிடக்கும்போது நீண்ட குமிழ் வைத்த பூட்ஸ் தரையைக் கவ்விப்பிடிக்கும், உடல் திரும்பும், பாதம் திரும்பாது. சிறிய ரப்பர்க் குமிழ்கள் நிறைய உள்ள சப்பாத்துத்தான் அந்தத் தரைக்கு.

கடைசியாக பிறேஸ். கடையில் விற்கிற இழுபடும் துணி உறை சூட்டையும் தைரியத்தையும் கொடுக்கும், திருகலை நிறுத்தாது. இருபக்கமும் கீல் வைத்த பிறேஸ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிலருக்குச் சில கிழமைக்குத் தரப்படும், மெனிஸ்கஸ் தைத்தவர்களுக்குக் குறிப்பாக. அதை எவ்வளவு நாள், எந்தக் கோணத்தில் பூட்டிப் போடவேண்டும் என்பதைச் சத்திரசிகிச்சை செய்தவரே சொல்லவேண்டும். ஒன்பது மாதத்துக்குப் பிறகு போட்டியில் போட விரும்பினால் போடட்டும். பரீட்சையில் 75 வீதம் எடுத்துவிட்டு, பிறேஸ் இருக்கிறதுதானே என்று இறங்குவதற்கு மட்டும் விடாதீர்கள்.